சின்ன காருக்கு எல்எஸ்டி: கம்பெனியே பொருத்தித் தருவதா, வெளியில் வாங்கிப் போடுவதா... எது சரி?

மழை பெய்து ஓய்ந்த ரோடு. யூ-டர்ன் அடித்துவிட்டு மெயின் ரோட்டில் சேர ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். உள்பக்க முன்சக்கரம் மட்டும் 'கிர்ர்ர்' என்று ஒரே இடத்தில் சுற்றுகிறது. கார் நகர மறுக்கிறது. எஞ்சினில் பவர் இருக்கிறது, டயரும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போ பிரச்னை எங்கே?

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில். இதற்கான மருந்துதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், இது போதைப்பொருள் சமாச்சாரம் இல்லை. முழுக்க முழுக்க பல்சக்கர சமாச்சாரம்.

கார் பிரியர்களுக்கு அடுத்து வரும் கேள்வி: எல்எஸ்டி உள்ள காராகவே பார்த்து வாங்குவதா? இல்லை, இருக்கிற காரில் வெளிச்சந்தை எல்எஸ்டி-யை வாங்கிப் பொருத்துவதா? இதில் தப்பான முடிவு எடுத்தால் போவது காசு மட்டுமில்லை; கியர்பாக்ஸ், வாரண்டி, இன்சூரன்ஸ் என்று பல இடங்களில் இடிக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை: சாதா டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் டயர் தேயும், ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். அதனால் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை.

இந்த சாதா டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் அது டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, சமமாகத்தான் பங்கிடும். கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? சிக்கலே அங்கேதான். பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அதே அளவுதான் நல்ல பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவில் எடை குறைந்து லேசாகிவிட்ட உள்பக்கச் சக்கரம் 400 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கச் சக்கரம் 1000 வரை தாங்கத் தயார். ஆனாலும் அதற்கும் 400தான் கிடைக்கும். மொத்தம் 800. மீதி எல்லாம் புகையும் சத்தமுமாகப் போய்விடும்.

எல்எஸ்டி இந்தச் சமபங்கை உடைக்கிறது. பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு இரண்டரை மடங்குவரை கொடுக்கக்கூடிய எல்எஸ்டி என்றால், மேலே சொன்ன கணக்கில் 400 கூட்டல் 1000, மொத்தம் 1400 நியூட்டன் மீட்டர் ரோட்டுக்குப் போகும். எஞ்சின் அதேதான், டயரும் அதேதான். வித்தியாசம் நடுவில் இருக்கும் பெட்டியில் மட்டும்.

எத்தனை வகை எல்எஸ்டி இருக்கு?

கடையில் 'எல்எஸ்டி இருக்கு' என்று சொன்னால், அடுத்த கேள்வி 'என்ன வகை?' என்பதாக இருக்க வேண்டும். ஏனென்றால் வகைக்கு வகை குணம் தலைகீழாக மாறும்.

ஹெலிகல் வகை: சாய்வாக வெட்டிய பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்தி, அந்த உராய்வில் டார்க்கை நல்ல சக்கரத்துக்குத் தள்ளும். டார்சன், குவைஃப் ஆகியவை இதில் புகழ்பெற்ற பெயர்கள். சத்தம் இல்லை, தேய்மானம் மிகக் குறைவு, தினசரி ஓட்டத்தில் இருப்பதே தெரியாது. ஒரே பலவீனம்: ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தூக்கிவிட்டால் கிட்டத்தட்ட கை விரித்துவிடும். இது பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. பூஜ்ஜியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே!

பிளேட் வகை: உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகவே இருப்பதால், சக்கரம் தூக்கினாலும் வேலை செய்யும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை மாற்றி அமைக்கவும் முடியும். பதிலுக்கு, பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் 'கடகட' சத்தம் வரலாம். பிளேட் தேயும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒருநாள் பிரித்துப் புது பிளேட் போட வேண்டியிருக்கும்.

விஸ்கஸ் வகை: சிலிக்கான் திரவத்துக்குள் தட்டுகள் சுற்றும். மென்மையானது, ஆனால் சக்கரம் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். வயதானால் திரவம் வீரியம் இழந்து, சாதா டிஃபரன்ஷியல் மாதிரியே ஆகிவிடும்.

பிரேக் வகை: இது உண்மையில் எல்எஸ்டி-யே இல்லை. வழுக்கும் சக்கரத்தை மட்டும் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பிரேக் பிடித்து நிறுத்தும். அந்த எதிர்ப்பால் அடுத்த சக்கரத்துக்கு டார்க் போகும். செலவு குறைவு என்பதால் இன்று பல கார்களில் இருக்கிறது. சாதாரண ரோட்டில் போதுமானதுதான். ரேஸ் டிராக்கில் சுற்று மேல் சுற்றாக ஓட்டினால், பிரேக் சூடாகிப் பேட் கரையும்.

ஒரே பிராண்டு, மூன்று கார்கள்: ஃபோர்டு சொல்லும் பாடம்

கம்பெனி எல்எஸ்டி-க்கும் வெளிச்சந்தை எல்எஸ்டி-க்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஃபோர்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

2002-ல் ஐரோப்பாவில் முதல் தலைமுறை ஃபோகஸ் ஆர்எஸ் வந்தது. 215 பிஎஸ் பவர், எல்லாமே முன்சக்கரங்களுக்கு. நடுவில் இங்கிலாந்தின் குவைஃப் நிறுவனம் செய்த ஹெலிகல் எல்எஸ்டி. மொத்தம் 4,501 கார்கள்தான் செய்தார்கள். வளைவில் காரை உள்ளே இழுத்துப் போகும் திறமைக்குப் பாராட்டு குவிந்தது. கூடவே ஒரு புகாரும் வந்தது: மேடுபள்ளமான ரோட்டில் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறது என்று. கம்பெனியே பொருத்தியதுதான், ஆனாலும் அடக்க முடியவில்லை.

2009-ல் வந்த அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ்-ஸில் பவர் 305 பிஎஸ் ஆக எகிறியது. மறுபடியும் குவைஃப் எல்எஸ்டி. ஆனால் இந்த முறை ஃபோர்டு முன்பக்க சஸ்பென்ஷனையே மாற்றியது. 'ரெவோநக்கிள்' என்ற அமைப்பு, டார்க் ஸ்டீயரிங்கை இழுப்பதைப் பெருமளவு குறைத்தது. 90 பிஎஸ் அதிகம் இருந்தும் முதல் காரைவிட இதைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருந்தது.

இப்போது சின்ன காருக்கு வருவோம். 2013-ல் வந்த ஃபியஸ்டா எஸ்டி-யில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 182 பிஎஸ். இதில் எல்எஸ்டி கிடையாது. பிரேக் வகை ஏற்பாடு மட்டும்தான். 2018-ல் வந்த அடுத்த ஃபியஸ்டா எஸ்டி-யில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், 200 பிஎஸ், 290 நியூட்டன் மீட்டர் டார்க். இங்கேதான் குவைஃப் எல்எஸ்டி ஆப்ஷனாக வந்தது. பிரிட்டனில் 'பெர்ஃபாமன்ஸ் பேக்' என்ற பெயரில் 850 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால், எல்எஸ்டி-யோடு லாஞ்ச் கன்ட்ரோலும் கியர் மாற்றச் சொல்லும் விளக்கும் கிடைத்தன.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், 2013 மாடல் வைத்திருப்பவர்களுக்கும் அதே குவைஃப் வெளிச்சந்தையில் ஹெலிகல் எல்எஸ்டி விற்கிறது. தயாரிப்பவர் ஒருவரே. தத்துவமும் ஒன்றே. அப்படியென்றால் 2013 காரில் இதைப் பொருத்தினால் 2018 கார் ஆகிவிடுமா?

ஆகாது. 2018 காரில் ஃபோர்டு ஸ்டீயரிங்கை 12:1 என்ற விகிதத்துக்கு வேகப்படுத்தியது. பின்பக்கத்தில் பக்கவாட்டு விசையைச் சமாளிக்க வாழைப்பழம் மாதிரி வளைந்த தனி ஸ்பிரிங்குகளைப் போட்டது. வழுக்கும் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் சாஃப்ட்வேரும் இந்த எல்எஸ்டி-யோடு கைகோத்து வேலை செய்கிறது. ஹெலிகலின் 'பூஜ்ஜியம்' பலவீனம் நினைவிருக்கிறதா? தூக்கிய சக்கரத்தை பிரேக் லேசாகப் பிடித்தாலே போதும், பெருக்குவதற்கு ஒரு எண் கிடைத்துவிடும்.

ஆக, கம்பெனி எல்எஸ்டி வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது அந்த இரும்புத் துண்டுக்கு மட்டுமில்லை. அதைச் சுற்றி நடந்த பல மாத டெஸ்டிங்குக்கும் சேர்த்துத்தான். 2002 ஃபோகஸ் சொல்வது, அந்தச் சுற்றுவேலை சரியாக அமையாவிட்டால் நல்ல எல்எஸ்டி-யும் தொல்லை ஆகிவிடும் என்பதை.

அப்போ வெளிச்சந்தை எல்எஸ்டி வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. மூன்று இடங்களில் அதுதான் சரியான பதில்.

ஒன்று, உங்கள் காருக்கு கம்பெனி எல்எஸ்டி என்று ஒன்றே கிடையாது. சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நல்ல உதாரணம். கம்பெனி எல்எஸ்டி தரவில்லை. ஜப்பானில் கஸ்கோ போன்ற நிறுவனங்கள் அதற்கென்றே பிளேட் வகை எல்எஸ்டி விற்கின்றன.

இரண்டு, நீங்கள் டிராக்கில் ஓட்டுபவர். அங்கே கெர்ப் மேல் ஏறி முன்சக்கரம் தூக்கும், சூடு ஏறும், இறுக்கத்தை உங்கள் ஓட்டும் பாணிக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். தினமும் ஆபீஸ் போகிறவரையும் மனதில் வைத்து டியூன் செய்த கம்பெனி எல்எஸ்டி-யால் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்க முடியாது. பிளேட் வகை வாங்கினால் '1-வே', '1.5-வே', '2-வே' என்ற வார்த்தைகள் காதில் விழும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் இறுகுவது 1-வே. காலை எடுக்கும்போதும் அதே அளவு இறுகுவது 2-வே. அப்போது கொஞ்சமாக மட்டும் இறுகுவது 1.5-வே. முன்சக்கர டிரைவ் கார்களுக்கு 1-வே அல்லது 1.5-வேதான் பொதுவாகப் பொருந்தும். 2-வே போட்டால் வளைவுக்குள் நுழையும்போது கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

மூன்று, கம்பெனி கொடுத்ததே காலாவதியாகிவிட்டது. மஸ்டா எம்எக்ஸ்-5-ன் ஆரம்ப கால 1.6 லிட்டர் கார்களில் வந்தது விஸ்கஸ் வகை. இன்று அவற்றின் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 'கம்பெனி எல்எஸ்டி இருக்கு' என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நடுவில் மூன்றாவது வழி: பழைய கம்பெனி எல்எஸ்டி

புதுப்பேட்டை பாணி யோசனை இது. அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டிலிருந்து கழற்றிய எல்எஸ்டி-யை வாங்கி நம் காரில் போட்டால் என்ன?

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பல வருடமாகச் செய்வது இதைத்தான். 1994 மாடலில் எஞ்சின் 1.8 லிட்டர் ஆனபோது, விஸ்கஸ் போய் டார்சன் வந்தது. அதைப் பழைய 1.6 காருக்கு மாற்றுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் டார்சனை மட்டும் உருவி மாட்ட முடியாது. 1.6 காரின் கிரவுன் வீல் 6 அங்குலம், 1.8 காருடையது 7 அங்குலம். ஆகவே டிஃபரன்ஷியல் ஹவுசிங், பின்பக்க டிரைவ் ஷாஃப்ட்டுகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று மொத்த செட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். கிரவுன்-பினியன் விகிதம் மாறினால், ஹைவேயில் எஞ்சின் சுற்றும் வேகமும் மாறும். 'மலிவாகக் கிடைத்தது' என்று வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு.

பில்லில் கண்ணுக்குத் தெரியாத வரிகள்

வெளிச்சந்தை எல்எஸ்டி-யின் விலையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் ஏமாந்துபோவீர்கள். முன்சக்கர டிரைவ் காரில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அதாவது கியர்பாக்ஸை இறக்கணும், பிரிக்கணும், டிஃபரன்ஷியலை வெளியே எடுக்கணும், கிரவுன் வீலைக் கழற்றிப் புது எல்எஸ்டி-யில் மாட்டணும். சில கியர்பாக்ஸ்களில் கிரவுன் வீல் போல்ட்டில் இல்லாமல் ரிவெட் அடித்தே வரும். அதை டிரில் போட்டுத்தான் எடுக்க முடியும்.

புது பியரிங், புது ஆயில் சீல், புது கியர் ஆயில் எல்லாம் கட்டாயம். பியரிங் இறுக்கத்தை ஷிம் வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்து அமைக்க வேண்டும். இதில் தவறினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் 'ஊ...' என்ற ஊளைச் சத்தத்தோடு கியர்பாக்ஸ் கணக்கு தீர்க்கும்.

அதனால்தான் அனுபவசாலிகள் சொல்லும் ஒரு வழி: கிளட்ச் மாற்றும் நேரம் வரும்வரை காத்திருங்கள். எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும். அந்த லேபரிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வாரண்டியையும் பாருங்கள். குவைஃப் தன் ஹெலிகல் டிஃபரன்ஷியலுக்கு ஆயுள்கால வாரண்டி தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது அந்தப் பாகத்துக்கு மட்டும். அதைப் பொருத்தும்போது பிரிக்கப்பட்ட கியர்பாக்ஸுக்கு கார் கம்பெனியின் வாரண்டி தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவில் இருக்கும் நமக்கு?

ஃபியஸ்டா நமக்குப் புதிதில்லை. சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலேயே தயாரான பெயர்தான். ஆனால் எஸ்டி வெர்ஷன் இங்கே வந்ததே இல்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் அப்படியே. இங்கே விற்கும் சாதாரண ஹேட்ச்பேக்குகளில் கம்பெனி மெக்கானிக்கல் எல்எஸ்டி ஆப்ஷன் கிடையாது. எனவே பிரோஷரைப் படிக்கும்போது இரண்டு வார்த்தைகளில் கவனம் தேவை.

மாருதி ஜிம்னியின் பிரோஷரில் 'பிரேக் எல்எஸ்டி' என்று இருக்கும். பெயரில் எல்எஸ்டி இருந்தாலும், அது மேலே பார்த்த பிரேக் வகை வேலைதான். சேற்றில் நன்றாக உதவும். ஆனால் உள்ளே தனி டிஃபரன்ஷியல் எதுவும் இல்லை. மஹிந்திரா தார்-இல் வரும் 'மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்' அதற்கு நேர்மாறு. அது வழுக்கலைக் குறைப்பதோடு நிற்காது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். காட்டுப்பாதைக்கு அருமை. ரோட்டில் வளைவை வேகமாக எடுப்பதற்காகச் செய்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து எல்எஸ்டி வரவழைக்க நினைத்தால், காரின் பெயரைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். எல்எஸ்டி பொருந்துவது காருக்கு இல்லை, கியர்பாக்ஸுக்கு. ஒரே பெயரில் வரும் காரில் நாட்டுக்கு நாடு கியர்பாக்ஸ் மாறலாம். உங்கள் கியர்பாக்ஸின் கோடு, டிரைவ் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கை இரண்டையும் உறுதிசெய்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். சுங்க வரி தனி.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆர்சி-யில் டிஃபரன்ஷியலுக்கு என்று தனிக் கட்டம் இல்லை. அதற்காக யாரிடமும் சொல்லாமல் மாட்டிவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மாற்றம் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே சிக்கலாகும்.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. உங்கள் டயர் எப்படி? தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு எல்எஸ்டி தேடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் மாட்டுவது மாதிரி. முதல் செலவு டயருக்கே.

2. உங்கள் மாடலில் கம்பெனி எல்எஸ்டி வேரியன்ட் இருக்கிறதா? இருந்தால், இன்னும் கார் வாங்கவில்லை என்றால், அதையே தேடுங்கள். பிரிட்டனில் பழைய ஃபியஸ்டா எஸ்டி வாங்குபவர்கள், விற்பவரின் பேச்சை நம்பாமல் லாஞ்ச் கன்ட்ரோல் மெனுவும் கியர் மாற்றும் விளக்கும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவை எல்எஸ்டி-யோடு ஒரே பேக்கில் வந்தவை.

3. எங்கே ஓட்டப்போகிறீர்கள்? ஓஎம்ஆர், ஈசிஆர், ஊட்டி மலைப்பாதை என்றால் ஹெலிகல் போதும். பல நேரம் பிரேக் வகையே போதும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் என்று அடிக்கடி போகிறவர் என்றால் பிளேட் வகையைப் பற்றி யோசிக்கலாம்.

4. கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கப்போகிறதா? கிளட்ச் மாற்றும் வேலை பக்கத்தில் இருந்தால் இது சரியான நேரம். இல்லையென்றால் காத்திருப்பது லாபம்.

5. பொருத்தப்போவது யார்? இதுதான் ஐந்தில் பெரிய கேள்வி. 'இதே கியர்பாக்ஸை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா? ஷிம் அளவை எப்படி எடுப்பீர்கள்?' என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் வேலையை ஒப்படைக்கலாம். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால், எல்எஸ்டி எந்த பிராண்டாக இருந்தாலும் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.